இரண்டு சிலேட்டுகள்

விடுதி டி.வி. அறையில் 'குட் வில் ஹன்டிங்' படத்தை நாங்கள் பார்த்தபோது முக்கால்வாசி வசனம் புரியவில்லை. ஆனால் கதை புரிந்தது. மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி.யில் தரை துடைக்கும் பையன், பேராசிரியர் தாழ்வாரத்துக் கரும்பலகையில் எழுதிவைத்த கணக்கை ஆளில்லாத நேரத்தில் போட்டுவிடுகிறான். கொஞ்ச நேரம் கழித்து உணவகக் காட்சி ஒன்று வரும். அந்தப் பேராசிரியர் தன் பழைய நண்பரான ராபின் வில்லியம்ஸிடம் பையனின் திறமை எவ்வளவு பெரியது என்று சொல்ல ஒரே ஒரு பெயரைத்தான் எடுக்கிறார்: ராமானுஜன்.

அறையே விசிலடித்தது. நானும் கை தட்டினேன். அடுத்த வசனத்தில் பேராசிரியர், இந்தியாவில் எங்கோ ஒரு சின்னக் குடிசையில் இருந்தவர், முறையான படிப்பே இல்லாதவர் என்று சொல்லிக்கொண்டு போனார். எனக்குப் பக்கத்தில் இருந்த கும்பகோணத்துப் பையன் எழுந்தே விட்டான். "குடிசையா? எங்க பக்கத்துத் தெருடா அவர் வீடு!"

அவனோடுதான் அந்த வீட்டை முதன்முதலில் பார்த்தேன். சாரங்கபாணி சன்னிதித் தெரு, ஓட்டு வீடு, வாசலில் திண்ணை. தெருக்கோடியில் கோபுரம் நிற்கிறது. திண்ணையில் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் எழுதுவாராம். காகிதம் வாங்கிக் கட்டுப்படியாகாது. எழுதியதைத் துணியால் துடைக்கும் நேரம்கூட வீண் என்று முழங்கையால் அழித்து அழித்து, முழங்கையே கறுத்துப்போனது. வறுமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர் டவுன் ஹைஸ்கூலில் பரிசுகள் வாங்கியவர். குடந்தை அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்து, கணக்கைத் தவிர வேறெதையும் படிக்காமல் அதை இழந்தவர். சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போய் அங்கேயும் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். பள்ளிக்கூடம் காணாதவர் என்று இவரைச் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தோடு மல்லுக்கட்டிய பிள்ளை இவர்.

பெரிய பல்கலைக்கழகங்களை வைத்து எடுக்கிற படங்களுக்கு ஒரு பசி இருக்கிறது. வாசலுக்கு வருகிறவன் வெறுங்கையோடு வர வேண்டும், அவனை யாரும் வளர்த்திருக்கக் கூடாது. அப்போதுதான் வாசல் உயரமாகத் தெரியும். 'குட் வில் ஹன்டிங்' திரைக்கதையை மாட் டேமன் ஹார்வர்டில் படித்தபோது வகுப்புப் பயிற்சியாகத்தான் எழுதத் தொடங்கினார். உள்ளே இருந்த ஒருவர் வெளியே நிற்கிற ஒருவனைக் கற்பனை செய்து எழுதிய கதை அது. அந்தக் கற்பனையில் பரிவு இருக்கிறது. அதனால்தான் இன்றும் அந்தப் படம் எனக்குப் பிடிக்கிறது. குடிசை என்ற சொல் மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

2015-இல் ராமானுஜனைப் பற்றியே 'தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி' என்ற படம் வந்தது. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி இந்தப் படத்துக்குத் தன் கதவைத் திறந்துவிட்டது. 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படம் எடுத்தபோது அதே கல்லூரி மறுத்ததால் அதன் ஓட்டக் காட்சியை ஈட்டன் பள்ளி முற்றத்தில் எடுக்க வேண்டியிருந்தது. ஃபெல்லோக்கள் மட்டுமே கால் வைக்கலாம் என்ற அந்தப் புல்தரையை நிஜமாகவே திரையில் பார்த்தபோது மனம் என்னவோ செய்தது. 1918-இல் அந்தப் புல்லில் நடக்கும் உரிமை பெற்றவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ராமானுஜனின் மனைவி ஜானகியாக வந்த நடிகையைப் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு இவ்வளவு பெரியவளாவா இருந்தா?" என்று காதோடு கேட்டாள். கேள்வி நியாயம்தான். 1914 மார்ச்சில் ராமானுஜன் கப்பலேறியபோது ஜானகிக்குப் பதினைந்து வயதுகூட நிறைந்திருக்காது. திரையில் தெரிந்த காதல் கதைக்குள் அந்தச் சிறுமி இல்லை.

படத்தின் உயிர் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டியாக வரும் ஜெரமி அயர்ன்ஸிடம் இருக்கிறது. நிரூபணம் எங்கே, நடுவில் உள்ள படிகள் எங்கே என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ராமானுஜனோ விடை தெரிகிறதே, படி எதற்கு என்று தவிக்கிறார். கேம்பிரிட்ஜில்தான் முதன்முதலாக ஒருவர் ராமானுஜனிடம் இதைக் கேட்டார் என்றே படம் பார்ப்பவர்களுக்குத் தோன்றும்.

கேட்டவர் முன்பே ஒருவர் இருந்தார், திருவல்லிக்கேணியில். சென்னைத் துறைமுகத்தில் 1912 மார்ச்சில் மாதம் முப்பது ரூபாய்க்கு ராமானுஜன் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது அங்கே மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயர். அவரும் கணக்குப் படித்தவர். ராத்திரிகளில் பைகிராஃப்ட்ஸ் சாலையில் அவர் வீட்டு மாடியில் இருவரும் ஆளுக்கொரு பெரிய சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். நடுநிசி வரை ஓடும். உன் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் எனக்காகப் பத்து வரி எழுது, என் உயரத்துக்கு இறங்கி வா என்று அந்த மனிதர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். படிப்படியாக எழுதும் பழக்கத்துக்கு முதல் வகுப்பு அந்த மாடியில் நடந்தது. 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் போனது அதற்குப் பிறகுதான்.

நாராயண ஐயர் இந்தப் படத்திலும் வருகிறார், வந்து போகிறார். நான் எடுத்திருந்தால் அந்த மாடியைவிட்டு அரைமணி நேரம் கேமராவை நகர்த்தியிருக்க மாட்டேன். ஞான ராஜசேகரன் 2014-இல் தமிழில் 'ராமானுஜன்' எடுத்தபோது கும்பகோணத்துக்கும் சென்னைக்கும் தாராளமாக இடம் கொடுத்தார். அதற்காகவே அவருக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

பைகிராஃப்ட்ஸ் சாலைக்கு இன்று பாரதி சாலை என்று பெயர். நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள். போன மாதம் அம்மாவோடு அந்த வழியாக ஆட்டோவில் வந்தபோது மாடி வீடுகளைக் காட்டி இந்தக் கதையைச் சொன்னேன். பலப்பம் கீச்சிடுகிற சத்தத்தில் வீட்டில் இருந்தவர்களுக்குத் தூக்கமே வராதாம் என்றேன். அம்மா தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"ஐயோ, பல்லு கூசுமேடா. அதுவும் ரெண்டு சிலேட்டு!"