பந்தைத் தொடாத ஆட்டக்காரர்

அமெரிக்கன் ஃபுட்பாலில் 'கார்டு' என்று ஒரு இடம் உண்டு. பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கை எதிரணி அமுக்கிவிடாமல் முன்னால் நின்று மறிக்கும் ஐந்து பேரில் ஒருத்தர். டச்டவுன் அடிக்கப்போவது அவரல்ல, டிவியில் முகமும் வராது. ஆட்டம் முழுக்க 130 கிலோ ஆசாமிகளோடு முட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்!

ஜான் அர்ஷல் செய்தது அந்த வேலையை. பென் ஸ்டேட்டில் கணிதம் படித்தவரை 2014-ல் பால்டிமோர் ரேவன்ஸ் ஐந்தாவது சுற்றில் எடுத்தது. சம்பளம் லட்சக்கணக்கான டாலர், வருடச் செலவோ 25,000-க்குள். ஓட்டியது பழைய நிஸான் வெர்ஸா. (பி.காம் கண்ணுக்கு முதலில் இதுதானே படும்!) கஞ்சத்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. எந்த நாளும் முடிந்துபோகக்கூடிய தொழில் அது.

2015 ஆகஸ்ட் பயிற்சியில் தலையில் பலத்த அடி. கொஞ்ச காலம் உயர்கணிதமே ஓடவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படியும் திரும்பப் போய் ஆடினார். 2016-ல் எம்.ஐ.டி.யில் பிஎச்.டி.யும் சேர்ந்தார்.

2017 ஜூலை 25 அன்று ஒரு ஆய்வு வந்தது. இறந்துபோன என்.எஃப்.எல். வீரர்கள் 111 பேரின் மூளையில் 110-ல் சி.டி.இ. என்ற சிதைவு நோய். (பெரும்பாலும் சந்தேகம் இருந்த குடும்பங்கள் கொடுத்த மூளைகள், அதனால் விகிதம் கூடுதலாகத்தான் தெரியும்.) இரண்டே நாளில், 26 வயதில், அர்ஷல் விலகிவிட்டார். அவர் சொன்ன காரணங்கள் படிப்பும், டிசம்பரில் பிறக்கவிருந்த குழந்தையும்.

அவருக்குப் போக ஒரு இடம் இருந்தது. பக்கத்தில் நின்ற மற்ற நாலு பேருக்கு என்ன இருந்ததோ, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

2021-ல் பிஎச்.டி. முடித்தார். இப்போது எம்.ஐ.டி.யிலேயே கணிதப் பாடம் நடத்துகிறார்.