தீ மூட்டாமல் ஒரு டம்ளர் காபி... டீக்கடைக்காரர் மகளின் ட்ரெக்கிங் பை!

ட்ரெக்கிங் போகலாம் என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தால், முதல் ஐம்பது மெசேஜ் ஷூவைப் பற்றித்தான் இருக்கும். அடுத்த ஐம்பது, யாருடைய கார், பெட்ரோல் செலவை எப்படிப் பிரிப்பது. டார்ச், பவர் பேங்க், அட்டைப்பூச்சிக்கு உப்பு என எல்லாம் பேசி முடித்த பிறகு, கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி யாராவது கேட்பார்கள்: ‘காலைல காபிக்கு என்ன பண்றது?’

‘அங்க போய் சுள்ளி பொறுக்கிப் போட்டுக்கலாம்’ என்று உடனே ஒரு பதில் வரும். கூடவே ஒரு நெருப்பு எமோஜி.

அந்த எமோஜிதான் எனக்குப் பிரச்னை.

நான் போடிநாயக்கனூர்க்காரி. அப்பாவுக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடை. ஏலக்காய் மூட்டை ஏற்றுபவர்களும், விடிவதற்கு முன்னாலேயே ஜீப் பிடித்து கேரளத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களும்தான் கடையின் முக்கால்வாசி கஸ்டமர்கள். ஊரிலிருந்து பார்த்தால் மலை அப்படியே சுவர் மாதிரி நிற்கும். குரங்கணி அந்தச் சுவரின் அடிவாரத்தில் இருக்கிறது.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு பிளஸ் டூ பரீட்சை நடந்துகொண்டிருந்த நேரம். குரங்கணி மலையில் காட்டுத்தீ, ட்ரெக்கிங் வந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று சாயங்காலம் செய்தி வந்தது. முதலில் மேலே ஓடியவர்கள் மலைவாசிகளும் தோட்டத் தொழிலாளர்களும். போர்வையில் டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். ராத்திரி முழுக்க ஆம்புலன்ஸ் சத்தம். மறுநாள் காலை ஹெலிகாப்டர். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பெரும்பாலும் இன்றைக்கு என் வயதில் இருப்பவர்கள்.

அந்த ராத்திரி எங்கள் கடையில் பாய்லர் அணையவே இல்லை. மேலே போய்விட்டு வந்தவர்கள் டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்க உட்கார்ந்திருந்ததை அப்பா எப்போதோ ஒருமுறை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஆனால், எங்கள் வீட்டில் ட்ரெக்கிங் என்ற வார்த்தைக்கே அதன்பிறகு இடமில்லாமல் போனது. காலேஜ் டூர் கேட்டால்கூட ‘மலையா?’ என்பதுதான் முதல் கேள்வி.

அதனால், ‘பொங்கல் லீவுல ஃப்ரெண்ட்ஸோட கொடைக்கானல் பக்கம் கேம்ப் போறேன்ப்பா’ என்று போனில் சொன்னபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

“ராத்திரி தங்குறியா?”

“ஆமாப்பா. ஒரு தனியார் தோட்டத்துல. டென்ட் போட்டுத் தருவாங்க.”

“சமையலு?”

“சின்ன கேஸ் அடுப்புப்பா. விறகெல்லாம் கிடையாது. தீ மூட்ட மாட்டோம்.”

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பின்னால் யாரோ ‘ரெண்டு டீ, ஒண்ணு சக்கர கம்மி’ என்று கேட்பது மட்டும் கேட்டது. பிறகு அப்பா கேட்டார்: “நல்ல ஃப்ளாஸ்க் வச்சிருக்கியா?”

எங்கள் வீட்டு பாஷையில் அதற்குப் பெயர் சம்மதம்.

பொங்கல் முடிந்த மறுநாள் அதிகாலை 4 மணிக்கு அப்பா எனக்காக ஃப்ளாஸ்க் கட்டினார். முப்பது வருஷமாக டீ ஆற்றுகிற மனிதர் ஃப்ளாஸ்க் கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது ஒரு பாடம்தான். முதல் விஷயம், அவர் அதில் டீயும் ஊற்றவில்லை, காபியும் ஊற்றவில்லை. “பால் ஊத்துன டீய அடைச்சு வச்சா ஒரு மணி நேரத்துக்கு மேல அது டீ இல்லம்மா, வாசனையே மாறிப்போகும். பாலும் பாதிச் சூட்டுல கெடந்தா கெட்டுரும். தண்ணிய மட்டும் சுடச்சுடக் கொண்டு போ. மிச்சத்த அங்கிட்டுப் போயி கலந்துக்க.”

முதலில் காலி ஃப்ளாஸ்க்கில் கொதிநீர் ஊற்றி மூடி ஐந்து நிமிடம் வைத்தார். அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, மறுபடி கொதிக்கிற தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பினார். காலியான ஃப்ளாஸ்க்கின் உள்சுவர் குளிர்ந்துதான் இருக்கும். நேராக ஊற்றினால் தண்ணீரின் சூட்டில் ஒரு பங்கை அதுவே குடித்துவிடும். பாதி நிரப்பினால் மேலே நிற்கும் காற்று இன்னொரு பங்கை வாங்கிக்கொள்ளும். கடைசியில் ஃப்ளாஸ்க்கை துண்டில் சுற்றி, பையின் நடுவில், துணிகளுக்கு இடையில் செருகினார். கடையில் இருக்கும் பழைய கண்ணாடிக் குடுவை ஃப்ளாஸ்க்கை நான் கேட்டதற்கு முறைத்தார். பையோடு ஒருமுறை பாறையில் வைத்தால் அது போயிற்று. மலைக்கு ஸ்டீல்தான்.

அம்மா தன் பங்குக்கு ஒரு டப்பா கொடுத்தார். சுக்குக் காப்பிப் பொடி. கொத்தமல்லி விதை இரண்டு பங்கு, சுக்கு ஒரு பங்கு, கொஞ்சம் மிளகு. லேசாக வறுத்து அரைத்தது. தனியே ஒரு பொட்டலத்தில் பொடித்த கருப்பட்டி. காப்பி என்று பெயரே தவிர இதில் காபிக்கொட்டை ஒன்றுகூடக் கிடையாது. பால் தேவையில்லை, அடுப்பு தேவையில்லை. ஒரு டம்ளருக்கு ஒரு டீஸ்பூன் போட்டு, ஃப்ளாஸ்க் தண்ணீரை ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்தால் பொடி அடியில் தங்கிவிடும். மேலாகக் குடிக்கலாம். காட்டுக்குள் நடக்கும்போது இதைவிடச் சரியான பானம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இன்ஸ்டன்ட் காபி ரசிகர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

காட்டுக்குள் ஏன் அடுப்பே கூடாது என்று உங்களில் சிலர் கேட்கலாம். காப்புக்காடுகளுக்குள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். இது நேற்றுப் போட்ட விதியும் அல்ல. 1882-ம் வருஷத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. குரங்கணிக்குப் பிறகு 2018-லேயே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024-ல் தமிழக அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளை ஆன்லைன் புக்கிங்குடன் திறந்தது. அவற்றையும் காட்டுத்தீ காலத்தில் மூடிவிடுகிறார்கள். அனுமதியோடு, வழிகாட்டியோடு போகிற பகல் நடைக்கு ஃப்ளாஸ்க்தான் அடுப்பு.

நாங்கள் நான்கு பேர். வத்தலக்குண்டில் சேர்ந்துகொண்டோம். போடியில் 4 மணிக்கு ஊற்றிய தண்ணீர், 11 மணிக்கு ஒரு மரத்தடியில் திறந்தபோது ஆவி பறக்க வந்தது. சுக்குக் காப்பி கலந்து குடித்துவிட்டு, ‘உங்கப்பாவ எங்க ஆபீஸ் கேன்டீனுக்கு அனுப்பேன்’ என்றாள் ஒரு தோழி.

சாயங்காலம் பூம்பாறைக்கு அப்பால் தோட்டத்துக்குப் போனோம். அங்கே அடுப்பு வைக்க ஒரு சிமென்ட் மேடை, பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். சமையல் எல்லாம் அந்த மேடையில்தான் என்று தோட்டக்காரர் கண்டிப்பாகச் சொன்னார். தோட்டத்தின் வேலியை ஒட்டி பைன் மரங்கள். கீழே காய்ந்த ஊசி இலைகள் மெத்தை மாதிரிக் கிடந்தன.

இருட்டும் நேரத்தில் பக்கத்து டென்ட் பையன்கள் மூன்று பேர், அந்த மெத்தைக்கு நாலடி தள்ளி மூன்று கல்லை வைத்து சுள்ளி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பாத்திரம், டீத்தூள் பாக்கெட், பால் பாக்கெட் எல்லாம் தயார். ஒருவன் மொபைலை மரத்தில் சாய்த்து ரீல்ஸுக்கு ஃப்ரேம் பார்த்துக்கொண்டிருந்தான். தோட்டக்காரரைக் காணோம். இன்னொருவன் லைட்டரை எடுத்ததைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

எழுந்து போனேன். “தம்பி, இங்க பத்த வைக்காதீங்க. மேடையில எங்க அடுப்பு இருக்கு, வாங்க.”

“சின்னத் தீதான்க்கா. டீ போட்டதும் தண்ணி ஊத்திடுவோம்.”

“காத்து அடிக்குது பாருங்க.”

“அக்கா, நாங்க பல இடத்துல போட்டிருக்கோம்.”

எனக்கு வாதம் பண்ணத் தெரியாது. “எனக்கு ஊரு போடி. குரங்கணி பக்கம்” என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. லைட்டர் வைத்திருந்தவன் அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். ரீல்ஸ் பையன் மட்டும் ‘ஓவர் சீன்’ என்று முணுமுணுத்தான். முணுமுணுக்கட்டும். அவர்களுடைய பால் பாக்கெட்டுடன் மூன்று பேரும் மேடைக்கு வந்தார்கள்.

இனி டீ. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால், ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு டிகிரி குறையும். கொடைக்கானல் சுமார் 7,000 அடி. அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே தளதளவெனக் கொதித்துவிடும். பார்க்கக் கொதிப்பதுபோல இருந்தாலும் சூடு குறைவு. டீத்தூளின் சாறு மெதுவாகத்தான் இறங்கும். மலையில் டீ ‘சப்’பென்று இருப்பதற்கு இது ஒரு காரணம். பலரும் தூளை அள்ளிப் போடுகிறார்கள். அப்போது துவர்ப்புதான் ஏறும். தூளைக் கூட்ட வேண்டாம், நேரத்தைக் கூட்டுங்கள். நாங்கள் தண்ணீர் கொதித்ததும் டஸ்ட் டீயைப் போட்டு, மூடி வைத்து, சிறு தீயில் நாலைந்து நிமிடம் விட்டோம். பாலைத் தனியே காய்ச்சி, கடைசியில் சேர்த்தோம். ஏழு பேருக்கு டீ. ஆற்றுவதற்கு ஆளில்லாமல் நானே ஆற்றினேன். நுரை வந்தது. ரீல்ஸ் பையன் அதை வீடியோ எடுத்தான்!

காபிக்கு இந்த 93 டிகிரி ஒரு குறையே இல்லை. ஃபில்டரில் ஊற்றும் தண்ணீர் கொதி அடங்கியதாக இருப்பதுதான் நல்லது. மலையில் அது தானாகவே கிடைக்கிறது. ஆனால், காலை 6 மணிக் குளிரில் ஃபில்டரைத் தட்டிக்கொண்டு கால் மணி நேரம் காத்திருக்கப் பொறுமை வேண்டும். நான் ஊரிலேயே டிக்காஷன் இறக்கிக் கொண்டு போயிருந்தேன். நாலு பேருக்கு ஆறு மேசைக்கரண்டி பொடி, 400 மில்லி வெந்நீர். கெட்டியாக இறங்கியதைச் சின்ன ஸ்டீல் பாட்டிலில் இறுக மூடினேன். மலைக் குளிரில் ஒரு நாள் தாங்கும்.

பாலுக்குப் பதில் பால் பவுடர். கொதிநீரில் நேராகக் கொட்டினால் கட்டி கட்டும். முதலில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் கூழாகக் கரைத்துக்கொண்டு, பிறகு சூடான தண்ணீர் சேர்க்க வேண்டும். டிக்காஷனை மட்டும் அடுப்பில் ஏற்றாதீர்கள், கசந்துவிடும். டம்ளரில் டிக்காஷனை ஊற்றி, அதன்மேல் கொதிக்கக் கொதிக்கப் பால். பால் வேண்டாதவர்களுக்கு எங்கள் ஊர் கடுங்காப்பி.

காலையில் பக்கத்து டென்ட்காரர்களின் அடுப்பும் வெளியே வந்தது. அவர்களிடம் ஒன்று இருந்திருக்கிறது, எரியத்தான் இல்லை. கேஸ் கேனில் இருக்கும் பியூட்டேன், உறைநிலைக்குப் பக்கத்தில் குளிரும்போது சரியாக ஆவியாகாது. கேனை ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொண்டு தூங்கினால் காலையில் சமர்த்தாக எரியும். காற்றுக்கு மறைப்பு வைக்கலாம், ஆனால் கேனைச் சுற்றி நாலு பக்கமும் அடைத்தால் கேன் சூடேறி வெடிக்கும் ஆபத்து உண்டு. எவ்வளவு குளிர் என்றாலும் டென்ட்டுக்குள் அடுப்பு கூடவே கூடாது. தீப்பிடிக்கும் என்பது ஒரு பக்கம். மூடிய இடத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

கிளம்பும்போது டீச்சக்கையை ஒரு டப்பாவில் போட்டுக் கீழே கொண்டு வந்தோம். வீட்டு ரோஜாச் செடிக்கு அது உரம். காட்டில், பாலும் சர்க்கரையும் ஊறிய சக்கை குரங்குக்கும் பன்றிக்கும் அழைப்பிதழ். பேப்பர் கப் கொண்டு போகவில்லை, ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர். கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் தண்ணீருக்கும் ஸ்டீல்தான்.

மலையிலிருந்து இறங்கி சிக்னல் கிடைத்ததும் அப்பாவுக்கு போன் பண்ணினேன். பத்திரமாக வந்தாயா, குளிரா, என்ன பார்த்தாய் எதுவும் கேட்கவில்லை.

“தண்ணி எத்தன மணி வரைக்கும் சூடா இருந்துச்சு?”

“11 மணிக்குக் குடிச்சோம்ப்பா, ஆவி வந்துச்சு. மிச்சத்த 4 மணிக்கு ஊத்துனப்பகூட நல்ல சூடு.”

“ம். டீ?”

“ஏழு பேருக்குப் போட்டேன். பக்கத்து டென்ட்டு பசங்களுக்கும் சேர்த்து.”

“அவங்ககிட்ட அடுப்பு இல்லையா?”

நடந்ததைச் சொன்னேன். லைட்டர் விஷயத்தையும் சொன்னேன். இந்த முறை பின்னால் கடைச் சத்தம்கூட இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அடுத்த தடவ போறப்ப டஸ்ட் கூட ரெண்டு பொட்டலம் கட்டித் தாரேன்” என்றார்.