சுற்றுநிருபமும் கரைவலையும்

இலங்கையின் கல்வி வரலாற்றிலே 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தைப் போல வேகமாக வந்து வேகமாக மறைந்தவை மிகச் சிலவே. ஐந்து வயதிற் பாடசாலை புகுந்த பிள்ளை ஆறு வயதிற் புகலாயிற்று. க.பொ.த. சாதாரண தரத்தின் இடத்தில் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ் வந்தது. அதன் முதற் பரீட்சை 1975இல் நடைபெற்றது. கனிஷ்ட இடைநிலையில் எல்லா மாணவர்க்கும் பொதுவான ஒரு பாடவிதானம் விதிக்கப்பட்டது. அதன் ஓர் அங்கமாக, சுற்றாடலிலுள்ள தொழிலொன்றைத் தழுவிய தொழில் முன்னிலைப் பாடங்களும் நேரசூசியிற் புகுந்தன. 1971 ஏப்ரற் கிளர்ச்சியும், அதே ஆண்டில் டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் தாபனக் குழு அளித்த அறிக்கையும் இம்மாற்றத்தின் பின்னணியில் இருந்தன. படித்த இளைஞரின் எதிர்பார்ப்பும் நாட்டிலுள்ள வேலையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதே அவ்வறிக்கையின் சாரம்.

கொழும்பில் வகுக்கப்பட்ட திட்டம் வடமராட்சிக் கரையோர மகா வித்தியாலயமொன்றை அடைந்தபோது அது ஒரு சுற்றுநிருபமாகவே இருந்தது. அதிபர் அதனை வாசித்தார். விலங்கியல் பயின்ற இளம் பட்டதாரி ஒருவரை அழைத்து, மீன்பிடிப் பாடத்தை அவரிடம் ஒப்படைத்தார். மீனின் பூவும் செதிலும் பற்றி அவ்வாசிரியர் ஒரு மணிநேரம் பேசவல்லவர். ஆனால் விவசாயக் கிராமத்திற் பிறந்த அவர் வள்ளத்தில் ஒருநாளும் கால் வைத்தறியார். கருவிகள் வரும் என்றார்கள், வரவில்லை. வந்தது பாடத்திட்டம் மட்டுமே.

முதல் மாதம் அவர் செய்தது, அத்தகைய நிலையில் எவரும் செய்யக்கூடியதே. வலைகளின் வகைகளைக் கரும்பலகையில் எழுதினார்; மாணவர் கொப்பியிற் பார்த்தெழுதினர். விடியற்புறம் தந்தையோடு கரையில் நின்றுவிட்டு வந்த பையன்கள் பின்வாங்கில் உறங்கினர். ஒருநாள் அவ்வாறு உறங்கியெழுந்த ஒருவன், கரும்பலகையிலிருந்த படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டான். காரணம் கேட்டபோது தயங்கித் தயங்கிச் சொன்னான்: “சேர், மடியைத் தலைகீழாய்க் கீறியிருக்கிறியள். அப்பிடி வளைச்சால் மீன் முழுக்க வெளியாலை போயிடும்.”

ஆசிரியர் வெண்கட்டியை அவனிடம் நீட்டினார். இதனை ஒரு கற்பித்தல் முறையென்று அவர் அன்று எண்ணியிருக்கமாட்டார். வேறு வழி இருக்கவில்லை என்பதே உண்மை. பையன் கீறினான். மற்றொருவன் எழுந்து, கைவலைக் கயிற்றின் நீளத்தைத் திருத்தினான். அன்று வகுப்பில் எழுந்த சத்தம் பக்கத்து வகுப்புக்கு இடைஞ்சலாயிருந்ததென முறைப்பாடு போயிற்று. அதிபர் வந்து வாசலிற் சற்று நேரம் நின்றார்; ஒன்றும் கூறாது திரும்பிச் சென்றார். அடுத்த வாரம் அப்பாடத்துக்கு அடுத்தடுத்த இரு பாடவேளைகளை ஒதுக்கி நேரசூசியை மாற்றியிருந்தார். மாற்றத்துக்குத் தலைமை தாங்குவதென்று கல்வியியல் நூல்கள் விரித்துரைப்பவற்றுட் பெரும்பகுதி இந்த வாசலில் நின்ற மௌனத்துள் அடங்கும்.

அதன் பின்னர் வகுப்பு கரைக்குச் சென்றது. பிடித்த மீன் எத்தனை மணிநேரத்திற் பழுதாகிறது, உப்பு அதனை எவ்வாறு காக்கிறது, மிதப்பும் ஈயமும் எவ்விகிதத்திற் கட்டப்படுகின்றன என்ற வினாக்கள் விஞ்ஞானப் பாடத்துக்குள்ளும் வழிந்தோடின. ஆனால் வில்லங்கம் கணிதத்தால் வந்தது. கரைவலைப் பாட்டில் வலையும் வள்ளமும் உடைய சம்மாட்டிக்கு ஒரு பங்கு; கயிறிழுத்தவர்க்கு எஞ்சியதிற் பங்கு; அதிலும் முற்பணக் கடன் கழியும். ஒரு பருவத்தின் பங்குக் கணக்கை மாணவர் கட்டங் கீறி எழுதினர். தத்தம் வீட்டின் கடன் ஏன் தீர்வதில்லை என்பது அக்கட்டங்களில் வெளிப்பட்டது. இரண்டு நாட்களில் சம்மாட்டி ஒருவர் அதிபரின் அறைக்கு வந்தார். ‘படிப்பிக்கச் சொன்னது மீன்பிடியையா, கணக்குக் கேட்கவா?’ என்பது அவரது கேள்வி. அதிபர் தேநீர் கொடுத்து அனுப்பினார். கணக்கை நிறுத்தும்படி ஆசிரியருக்குச் சொல்லவில்லை.

ஆயினும் சம்மாட்டியின் கோபத்திலும் ஒரு தாயின் கேள்வியே கனமானது. “வலை பொத்தத் தெரியாமலோ என்ரை பிள்ளையைப் பள்ளிக்கூடம் விட்டனான், மாஸ்ரர்? அது தேப்பனிட்டையே படிக்கலாம். கடலுக்குப் போகாமல் இருக்கத்தானே இஞ்சை அனுப்புறன்.”

ஆசிரியரிடம் மறுமொழி இருக்கவில்லை. எளிதில் மறுமொழி சொல்லக்கூடிய கேள்வியுமன்று. கானா நாட்டை ஆராய்ந்த பிலிப் பொஸ்ரர் 1965இல் எழுதியதும் ஏறத்தாழ இதுவே: உத்தியோகச் சந்தை ஏட்டுக் கல்விக்குக் கூடிய பயன் தரும்வரை, பாடசாலையில் தொழிலைப் புகுத்தி மாணவரின் நாட்டத்தை மாற்ற இயலாது. அவரை வாசித்திராத தாய் அதனை ஒரு வாக்கியத்தில் கூறிவிட்டாள். பட்டினத்துக் கல்லூரி மாணவனும் ஏதோவொரு தொழிலைப் பயிலத்தான் வேண்டியிருந்தது. அங்கே அது பாடங்களுள் ஒன்று. கரையோரத்திலோ, பிறப்பால் வந்த தொழிலைப் பாடசாலையும் சேர்ந்து முத்திரை குத்துவதாகிவிடும் என்ற அச்சம் இருந்தது. சாதியின் நினைவு அகலாத ஊரில் அவ்வச்சத்தை அறியாமை என்று ஒதுக்குதல் நேர்மையாகாது. பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தல் புகுந்து தமிழ் மாணவர்க்கு மருத்துவ, பொறியியற் பீடங்களின் வாயில் ஒடுங்கிய காலமும் அதுவே. கடற்கரையிற் கழியும் ஒவ்வொரு பாடவேளையும் பெற்றோர் கண்ணுக்கு இழந்த புள்ளிகளாகத் தோன்றியதில் வியப்பில்லை.

பரீட்சை நெருங்கியதும் வகுப்பு மீண்டும் வாங்குகளுக்குத் திரும்பியது. 1977இல் ஆட்சி மாறியது. பழைய சாதாரண தரமும் திரும்பி வந்தது. திட்டம் பலன் தருமுன் குலைக்கப்பட்டதென்பார் உளர். வேரூன்றாத திட்டம் என்பாரும் உளர். இரண்டிலும் உண்மை உண்டு. 2007இல் தேர்ச்சி மையப் பாடவிதானம் வந்தபோது ஆசிரியர் வழிகாட்டிகளில் ஐந்து படிகள் விதிக்கப்பட்டன. அமெரிக்க விஞ்ஞானப் பாடவிதானமொன்றிற் பிறந்த அவற்றின் முதற்படி மாணவரை ஈடுபடுத்தல். எத்தனையோ வகுப்பறைகளில் அதுவும் படிவம் நிரப்பும் வேலையாகவே முடிந்தது.

கரையோர வித்தியாலயத்தில் மீன்பிடிப் பாடம் நேரசூசியிலிருந்து நீங்கிய ஆண்டில், ஒன்பதாம் வகுப்புக் கணித ஆசிரியை அப்பங்குக் கணக்குக் கொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். விகிதசமம் படிப்பிக்க அதைவிட வசதியான உதாரணம் பாடநூலில் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். சம்மாட்டியின் பெயரை மட்டும் அவர் அழித்துவிட்டு எழுதினார்.