கதையும் கணினியும்

சிங்கப்பூரில் தொழில்நுட்பம் படித்துப் பட்டம் பெற்ற இளையர்கள் தங்களை எப்படி அறிமுகம் செய்துகொள்கிறார்கள்? முதலில் படிப்பையும் வேலையையும் சொல்வார்கள். கதை எழுதுவது, படம் வரைவது, இசை பயில்வது ஆகியவற்றைப் ‘பொழுதுபோக்கு’ என்று கடைசியில் சேர்ப்பார்கள். ஆனால், கலை ஆர்வமும் தொழில்நுட்ப ஆர்வமும் கைகோத்தால் ஒரு மொழிக்கே நன்மை விளையும். அதற்குச் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் வாழ்க்கை சான்றாகும்.

1946ஆம் ஆண்டு பிறந்த அவர் தமிழாசிரியராகப் பணியாற்றினார். பின்னர்த் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளரானார். சிறுகதைகள் எழுதுவதில் சிறந்து விளங்கிய அவருக்கு 1994ஆம் ஆண்டு தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது கிடைத்தது.

எழுத்தாளருக்கு எழுதுகோல் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியமாகக் கணினியும் மாறிவந்த காலம் அது. ஆனால், கணினியின் விசைப்பலகை 26 ஆங்கில எழுத்துகளுக்காக அமைக்கப்பட்டிருந்தது. தமிழிலோ 247 எழுத்துகள் உள்ளன. அவை அனைத்தையும் அந்தச் சிறிய பலகையில் எப்படி அடக்குவது? மேலும், ஒரு கணினியில் தட்டச்சு செய்த தமிழ், அதே எழுத்துரு இல்லாத மற்றொரு கணினியில் புரியாத குறியீடுகளாகத் தெரிந்தது. இந்நிலை நீடித்தால் புதிய ஊடகத்தில் தமிழுக்கு இடமில்லாமல் போய்விடும்.

கோவிந்தசாமி இதற்குத் தீர்வு காண முயன்றார். உயிரும் மெய்யும் சேர்ந்தால் உயிர்மெய் பிறக்கும் என்பது தொடக்கப்பள்ளி மாணவர்களும் அறிந்த இலக்கணம். அந்த இலக்கணத்தைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தால், எல்லா எழுத்துகளுக்கும் தனித்தனி விசைகள் தேவையில்லை. அவர் உருவாக்கிய தமிழ் மென்பொருளின் பெயர் ‘கணியன்’. கணிப்பவர் என்று பொருள்படும் அச்சொல், சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரையும் நினைவூட்டுகிறது.

1995ஆம் ஆண்டு சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளும் இணையத்தில் ஏற்றப்பட்டன. அம்முயற்சியில் அவர் பேராசிரியர் டான் டின் வீயுடன் இணைந்து பணியாற்றினார். அதில் இடம்பெற்ற தமிழ்க் கவிதைகள், இணையத்தின் தொடக்ககாலத் தமிழ்ப் பக்கங்களுள் அடங்கும். 1997ஆம் ஆண்டு மே மாதம், தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் நடைபெறவும் அவர் உழைத்தார். பல நாட்டு வல்லுநர்கள் அதில் கூடி, கணினித் தமிழுக்குப் பொதுவான தரம் வேண்டும் என்பது பற்றிக் கலந்துரையாடினர். இரண்டே ஆண்டுகளில், 1999ஆம் ஆண்டு, அவர் காலமானார்.

இன்று லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தைக்கு வரும் பாட்டிக்குப் பேரன் கைப்பேசியில் தமிழிலேயே செய்தி அனுப்பலாம். அந்த வசதிக்குப் பின்னால் பல நாட்டுத் தமிழர்களின் உழைப்பு இருக்கிறது. அவர்களுள் ஒருவர் சிங்கப்பூர்ச் சிறுகதை எழுத்தாளர்.

மாணவர்களே, உங்களை அறிமுகம் செய்துகொள்ளும்போது உங்கள் படிப்போடு உங்களுக்குப் பிடித்த கலையையும் பெருமையுடன் சொல்லுங்கள். அவ்விரண்டையும் இணைத்து என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்பவர் மனத்தில் அந்த வரிதான் நிற்கும்.