கடைச்சல் பட்டறையில் நேர்ந்த பிழை

செய்தித்தாளில் பிழை வந்தால் மறுநாள் 'திருத்தம்' என்று தலைப்பிட்டு நான்கு வரிகள் வெளியிடலாம். மனம் நொந்தவர் ஓரளவேனும் ஆறுதல் அடைவார். இரும்பைக் கடைபவருக்கு அந்த வசதி கிடையாது. கடைந்து கழித்த உலோகத்தை மீண்டும் ஒட்டவைக்க முடியாது. நான்கு தசாப்த காலம் அச்சுப் பிழைகளோடு மல்லுக்கட்டிய எனக்கு இந்த வேறுபாடு தெளிவாக விளங்கியது 2003 ஆம் ஆண்டிலேதான்.

யாழ்ப்பாணத்தில் நான் செய்தி சேகரிக்கச் செல்லும்போதெல்லாம் வாடகைக்கு அமர்த்தும் மொரிஸ் மைனர் கார் ஒன்று இருந்தது. 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின், நான்கு சிலிண்டர்கள். 1956 இலிருந்து 1962 வரை வெளிவந்த மொரிஸ் மைனர்களில் இருந்தது இதுவே. காரின் உரிமையாளரும் சாரதியும் ஒருவரே. ஐந்து பேர் கொண்ட அவரது குடும்பத்துக்குச் சோறு போட்டது அந்தக் கார்.

1990 இல் பொருளாதாரத் தடை வந்தபின் குடாநாட்டு வாகனங்கள் எப்படி ஓடின என்பதை அக்காலத்தில் அங்கிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கார்புரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்குவார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. எரியாமல் எஞ்சுவது சிலிண்டர் சுவரில் வழிந்து, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி, கீழே உள்ள எண்ணெயிற் கலக்கும். நீர்த்துப்போன எண்ணெய் உலோகத்தைக் காக்காது. சிலிண்டர்கள் தேயும், கிராங்கைத் தாங்கும் பெயாரிங்குகளும் தேயும். அன்று உயிர் காத்த மண்ணெண்ணெய், எஞ்சினுக்கு மெல்லக் கொல்லும் நஞ்சாயிற்று.

2002 இல் ஏ-9 பாதை திறந்தபின் கொழும்பிலிருந்து உதிரிப்பாகங்கள் தாராளமாக வரத் தொடங்கின. பல ஆண்டுகளாகப் புகை கக்கி ஓடிய கார்களை அடுத்தடுத்துக் கழற்றினார்கள். நம் சாரதியும் கழற்றினார். பஞ்சிகாவத்தையிலிருந்து '40' அளவுப் பிஸ்டன்களும் '20' அளவுப் பெயாரிங்குகளும் வந்தன.

இந்த எண்களைச் சற்று விளக்கவேண்டும். தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். தேய்ந்த கிராங்கைச் சாணை பிடித்துச் சிறிதாக்கி அதற்கேற்ற தடித்த பெயாரிங் போடுவார்கள். 40 என்றால் பிஸ்டன் அங்குலத்தின் ஆயிரத்தில் 40 பங்கு பெரியது. 20 என்றால் கிராங் ஆயிரத்தில் 20 பங்கு சிறியது. கிராங்குக்கு 10, 20, 30, 40 என்று படிகள் உள்ளன. ஒவ்வொரு பெரிய திருத்தத்திலும் ஒரு படி இறங்கவேண்டும். கடைசிப் படியும் முடிந்தால் வேறு கிராங் தேடவேண்டியதுதான். சுழலும் தண்டுக்கும் பெயாரிங்குக்கும் இடையே, தண்டின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி என்பது பொதுவான கணக்கு. செய்தித்தாளின் கனமே ஆயிரத்தில் ஏறத்தாழ 3 பங்கு என்றால் இந்த வேலையின் நுட்பத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

பட்டறையிலிருந்து எஞ்சின் பாகங்கள் கராஜுக்குத் திரும்பிவந்த நாளில் நானும் அங்கிருந்தேன். மெக்கானிக் வயதில் இளையவர். ஆனால் நிதானமானவர். எதையும் பூட்டுமுன் அவர் அளக்கத் தொடங்கினார். பிஸ்டனைத் தலைகீழாகச் சிலிண்டருள் விட்டு, பக்கவாட்டில் மெல்லிய அளவுத் தகட்டைச் செருகி இழுத்தார். மூன்று சிலிண்டர்களில் தகடு இறுக்கமாக வந்தது. நான்காவதில் வழுக்கிக்கொண்டு வந்தது. மைக்ரோமீற்றரைக் கிராங்கில் வைத்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"அண்ணை, இதை இப்பிடியே பூட்டேலாது," என்றார். நான்காம் சிலிண்டர் ஆயிரத்தில் ஐந்து பங்கு அதிகமாகக் குடையப்பட்டிருந்தது. கிராங் 20 க்குப் பதில் 30 க்குச் சாணை பிடிக்கப்பட்டிருந்தது.

சாரதி பேசாமல் ஒரு பெட்டிமேல் அமர்ந்துவிட்டார். மூன்று கிழமைகளாகக் கார் ஓடவில்லை, வருமானம் இல்லை. கையிலிருந்த பணம் முழுவதும் அந்த இரும்பிலே கிடந்தது.

பின்னர் பட்டறைக்குப் போனோம். முதலாளி எடுத்த எடுப்பிலேயே, "நீங்கள்தான் முப்பது எண்டு சொன்னனீங்கள்," என்றார். வாய்ப்பேச்சில் கொடுக்கப்பட்ட வேலை, சாட்சி இல்லை. என் தொழிற்புத்தி வாதத்துக்கு ஆயத்தமாயிற்று. ஆனால் மெக்கானிக் குரலை உயர்த்தவில்லை. கிராங்கை மேசைமேல் வைத்து, "அண்ணை, உங்கட மைக்ரோமீற்றரால நீங்களே ஒருக்கா அளந்து பாருங்கோ," என்றார். அவர் அளந்தார். பிறகு சாரதி, "பெயாரிங் பெட்டியை வேலை தரேக்கையே உங்களிட்டைத்தானே தந்தனான்," என்று தட்டைக் காட்டினார். பெட்டி அங்கேயே இருந்தது. அதன்மேல் 020 என்று அச்சிட்டிருந்தது. முதலாளி அதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய், தம் பணியாளரிடம் ஏதோ கேட்டு வந்தார். வேறொருவரின் கிராங்கும் அதே நாளில் மேசையில் இருந்ததாம்.

அதன்பின் பேச்சு இலகுவாயிற்று. நான்காம் சிலிண்டருக்கு மட்டும் புதிய உட்குழாய் அழுத்திப் பொருத்தி, அதை மற்ற மூன்றின் அளவுக்கே குடைந்து தர ஒப்புக்கொண்டார். இதனால் வாங்கிய பிஸ்டன்கள் வீணாகவில்லை. 30 அளவுப் பெயாரிங்குகளின் விலையையும் ஏற்றார். உட்குழாயை அழுத்தும்போது பக்கத்துச் சிலிண்டர் நெளியக்கூடும் என்பதால் அதையும் அவர் முன்னிலையிலேயே மறுபடி அளந்தோம்.

கார் ஓடிற்று, நன்றாகவே ஓடிற்று. 30 அளவுக் கிராங்குக்கும் 20 அளவுக் கிராங்குக்கும் ஓட்டத்தில் வேறுபாடு தெரியாது. ஆயினும் அந்த எஞ்சின் தன் வாழ்நாளில் ஒரு படியை எவர் பயனுமின்றி இழந்துவிட்டது. பட்டறை முதலாளி மற்ற எல்லாவற்றையும் ஈடுசெய்தார். இதை ஈடுசெய்ய அவரால் முடியவில்லை, எவராலும் முடியாது. திரும்பி வரும்போது சாரதி அதைத்தான் சொன்னார்: "இனி நாற்பது ஒண்டுதான் மிச்சம்."

பட்டறைப் பிழைகளை இரண்டாகப் பிரிக்கலாம் என்பதே நான் அன்று கற்றது. உலோகத்தைக் குறைவாக எடுத்த பிழை, சிறிது கூட்டி எடுத்தால் தீரும். அதிகமாக எடுத்த பிழைக்கு யாராவது விலை கொடுத்தாகவேண்டும். பூட்டுமுன் கண்டால் அந்த விலை சில நாட்களும் சில ஆயிரம் ரூபாய்களும். பூட்டி ஓட்டியபின் கண்டால் எஞ்சினே போய்விடும். அப்போது பட்டறைக்காரரும், "நீங்கள் பூட்டினது பிழை," என்று சொல்ல இடமுண்டு.

2020 இல் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 இல் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தபோதும் விலை சாதாரண மனிதருக்கு எட்டவில்லை. ஆதலால் பழைய எஞ்சினைப் புதுப்பிப்போர் இன்றும் பலர். அவர்களுக்குச் சில வார்த்தைகள்: பிஸ்டனையும் பெயாரிங்கையும் முதலில் வாங்கிப் பட்டறையில் கொடுத்துவிட்டே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். பிஸ்டனைக் கையில் வைத்து அளந்து குடைவதே முறை. அளவுகளைத் தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். ரசீது கேளுங்கள், 2003 ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும், கையில் தாள் இல்லாவிடில் அதனால் பயனில்லை. சாணை பிடித்த கிராங்கின் மூலைகள் கூராக இல்லாமல் வளைவாக இருக்கின்றனவா, எண்ணெய்த் துவாரங்களில் இரும்புத் தூள் அடைந்திருக்கிறதா என்று பாருங்கள். கூரான மூலையிலிருந்துதான் கிராங் வெடிக்கத் தொடங்கும்.

பிழை தென்பட்டால் சத்தம் போடுமுன் அளவுகோலை அவர் கையிற் கொடுங்கள். குடாநாட்டில் அன்று அத்தகைய பட்டறைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. சண்டை பிடித்திருந்தால் அந்தச் சிலிண்டரைத் திருத்த நாங்கள் வேறெங்கு போயிருப்போம்?