செப்புக் காசு

பொன்னை நாடுவோர் உலகிற் பலர். வெள்ளியை விரும்புவோரும் பலர். செம்பை விழைவோரோ மிகச் சிலர். அச்சிலருள் யானும் ஒருவன். எனினும், எந்நாட்டுச் செம்பும் என் உள்ளத்தைக் கவர்ந்திலது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் தம் குடியரசின் இளமைப் பருவத்தே, 1793-ஆம் ஆண்டு முதல் 1857-ஆம் ஆண்டு வரை அடித்து வழங்கிய சென்ட், அரை சென்ட் என்னும் செப்புக் காசுகளிடத்தேயே என் வேட்கை நிலைத்து நின்றது. "தங்கக் காசு சேர்த்தால் ஆபத்துக்கு உதவும், பிறநாட்டார் தேய்த்தெறிந்த செம்பினால் உமக்கு ஆவது என்ன?" என்று நண்பர் ஒருவர் என்னை அடிக்கடி வினவுவது உண்டு. அவருக்கு அவ்வப்போது கூறிய விடைகளை ஈண்டு ஒருங்கு தொகுத்துரைக்க விரும்புகின்றேன்.

முதலாவது, இக்காசுகள் ஒரு நாட்டின் பிள்ளைப் பருவத்தைக் கண்ணுக்குக் காட்டுவன. 1776-இல் விடுதலை சாற்றிய அந்நாட்டார்க்கு நெடுங்காலம் தமக்கெனப் பொது நாணயசாலை ஒன்று இல்லை. 1785 முதல் 1788 வரை வெர்மான்ட், கனெக்டிகட், நியூ ஜெர்சி, மாசச்சூசெட்ஸ் ஆகிய பகுதியினர் தத்தமக்கு வேண்டிய செப்புக் காசுகளைத் தாமே வெளியிட்டனர். வெர்மான்ட்டார் மலைமேல் எழும் ஞாயிற்றைப் பொறித்தனர். நியூ ஜெர்சியார் குதிரைத் தலையையும் அதன் கீழே ஏரையும் பொறித்தனர். 1787-இல் காங்கிரஸ் அவையின் ஆணையால் வெளிவந்த காசிலோ ஒரு நிழற் கடிகாரமும், 'யான் விரைந்தோடுகின்றேன்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லும், 'உன் தொழிலைக் கவனி' என்னும் அறிவுரையும் காணப்படும்; மறுபுறத்தே பதின்மூன்று வளையங்கள் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும். காலம் ஓடுகின்றது, கடமையைச் செய் என்று கடைத்தெருவிற் கைமாறும் சில்லறையே உபதேசிக்குமாயின், அக்காலத்தாரின் மனப்போக்கை அறிய அதனினும் எளிய சான்று யாது?

பின்னர் 1792-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் நிறைவேறிய சட்டத்தால் பிலதெல்பியா நகரில் நாணயசாலை அமைந்தது. வான்நூல் வல்ல டேவிட் ரிட்டன்ஹவுஸ் அதன் முதல் தலைவராயினார். 1793 மார்ச்சு மாதத்தில் முதற் சென்ட் காசுகள் 36,103 வெளிவந்தன. அவற்றின் ஒரு புறத்தே கூந்தல் விரிந்த சுதந்திர தேவியின் முகம்; மறுபுறத்தே, அன்றிருந்த பதினைந்து மாகாணங்களின் ஒற்றுமையைக் குறிக்கப் பதினைந்து கண்ணிகளையுடைய சங்கிலி. ஒற்றுமையைக் கருதிப் பொறித்த சங்கிலி மக்கள் கண்ணுக்கு விலங்காகத் தோன்றியது. சுதந்திரத்துக்கு அது தீநிமித்தம் என்று செய்தித்தாளும் பழித்தது. ஆகவே சங்கிலி நீங்கிற்று. அதனிடத்தே இலைமாலை வந்தது. அவ்வாண்டிற்குள்ளேயே ஜோசப் ரைட் என்பார் செதுக்கிய மூன்றாவது உருவமும் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே பிலதெல்பியாவை மஞ்சட் காய்ச்சல் என்னும் கொள்ளைநோய் பற்றியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், ரைட் என்பாரும் அந்நோய்க்கு இரையாயினார். அவர் செதுக்கிய முகம் இன்றும் காசில் நிற்கின்றது.

சங்கிலியை மாற்றியதனால் சங்கிலி அற்றுப்போயிற்றோ? இவ்வினா என்னை நெடுநாள் வருத்தியது. ஒவ்வொரு காசிலும் 'சுதந்திரம்' என்னும் சொல் பொறிக்கப்பட்டிருந்த அக்காலத்தே, அதே நாட்டில் மனிதரை மனிதர் விலைக்கு வாங்கினர், விற்றனர். அடிமைத்தளை சட்டத்தால் ஒழிந்தது 1865-ஆம் ஆண்டிலேயாம். இப்பெரும் முரண்பாட்டை அந்நாட்டாரே உணர்ந்தனர் என்பதற்கும் செம்பே சான்று. 1838-இல், சென்ட் காசின் அளவினதாய்த் தனியார் ஒரு வில்லையை அடித்து வழங்கினர். அதன்மேல் விலங்கு பூண்ட கைகளைக் கூப்பி மண்டியிட்ட ஒரு நீக்ரோ மாது, 'யான் ஒரு பெண்ணும் உங்கள் சகோதரியும் அல்லேனோ?' என்று வினவுகின்றாள். சுதந்திர தேவியின் காசையும் அம்மாதின் வில்லையையும் அருகருகே வைத்துப் பார்ப்பவனுக்கு வரலாற்று நூலின் பல பக்கங்கள் ஒருங்கே விளங்கும். ஒரு நாடு தன் காசிற் பொறித்த சொல்லுக்குத் தகுதியுடையதாக எழுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன என்பதை நினையுந்தோறும், நாம் நாள்தோறும் வாயாற் கூறும் உயர்ந்த சொற்களையும் சற்றே நிறுத்தி எடைபோட வேண்டும் என்று தோன்றுகின்றது.

இரண்டாவது, இக்காசுகள் கைத்தொழிலின் குழந்தைகள். இக்காலத்து நாணயம் ஒன்றைப் பார்த்தால் ஓராயிரத்தைப் பார்த்ததாம். அக்காலத்திலோ அச்சு ஒவ்வொன்றும் பெரும்பாலும் கையாற் செதுக்கப்பட்டது. எழுத்தொன்று சாயும், இலையொன்று மிகும், கனியொன்று குறையும். அச்சு வெடித்தாலும் உடனே எறிந்துவிடார். வெடிப்பின் தழும்பு காசில் வளர்ந்துகொண்டே போகும். 1794-ஆம் ஆண்டுக் காசுகளில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகள் உள. 1869-இல் எட்வர்ட் மாரிஸ் என்னும் மருத்துவர் அவற்றை வகுத்து, 'ஆப்பிள் கன்னத்தாள்', 'தழும்புத் தலையாள்' என்றாற்போலச் செல்லப் பெயர்களும் சூட்டினார். அவ்வாண்டுக் காசு வகை ஒன்றன் பின்புற விளிம்பை உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கினால், 94 நுண்ணிய விண்மீன்கள் சுற்றி நிற்பதைக் காணலாம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளைத் தாய் அடையாளம் காண்பதுபோல இவற்றை வேறுபடுத்தி அறியும் பயிற்சியால் கண் கூர்மையடைகின்றது, பொறுமை வளர்கின்றது.

வறுமையிற் பிறந்த நாணயசாலையின் சிக்கனமும் இவற்றிற் புலப்படும். முதலில் 264 கிரெயின் எடையுடையதாகச் சட்டம் விதித்த சென்ட், அடிக்கப்படுமுன்னரே 208 ஆகக் குறைந்தது. செம்பின் விலையேற்றத்தால் 1795-ஆம் ஆண்டின் இறுதியில் 168 ஆயிற்று. 1795-ஆம் ஆண்டின் அரை சென்ட்டுகளுட் சில, நியூயார்க் வணிகர் வெளியிட்ட செப்பு வில்லைகளை வெட்டி அவற்றின்மேல் அடிக்கப்பட்டவை. உற்று நோக்கினால் பழைய எழுத்துக்களின் நிழல் தெரியும். பிற்காலத்தே வெறும் செப்பு வில்லைகள் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தன. 1812-இல் அந்நாட்டோடு போர் மூண்டதும் அவ்வரவு நின்றது, கையிருப்பும் தீர்ந்தது. அதனால் 1815 என்னும் ஆண்டைத் தாங்கிய சென்ட் ஒன்றுகூட இல்லை. 1793-க்குப் பின் 2025 வரை அவ்வாறு விடுபட்ட ஆண்டு அஃதொன்றே.

மூன்றாவது காரணமே எனக்குத் தலையாயது. பொற்காசு பெட்டியில் உறங்கும். செப்புக் காசு உழைக்கும். ரொட்டி வாங்கவும் மெழுகுவர்த்தி வாங்கவும் சென்றது செம்பேயன்றிப் பொன் அன்று. என்னிடம் உள்ள 1798-ஆம் ஆண்டுக் காசில் தேவியின் முகம் முற்றும் தேய்ந்து, கூந்தலின் வரம்பு மட்டும் எஞ்சியுள்ளது. எத்தனை கைகள் தீண்டினவோ! அக்கைகளுட் பல, பெயரும் கல்லறையும் இன்றி மறைந்த ஏழையரின் கைகள் அல்லவோ? 1802-இல் பாஸ்டன் நகரத்து மாது ஒருவர், வாரம் ஒரு சென்ட் ஒதுக்கி நற்செய்திப் பணிக்கு உதவும் பெண்கள் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அவ்வழக்கம் அண்டை ஊர்களிலும் பரவியது. 1810-இல் அமெரிக்க மிஷன் சங்கம் தோன்றி, 1816-இல் அதன் ஊழியர் யாழ்ப்பாணத்திற்கும், 1834-இல் மதுரைக்கும் வந்து பள்ளிகள் நிறுவினர். அந்நாட்டு எளிய மக்களின் காணிக்கைத் தட்டில் விழுந்த செம்பு, நம் முன்னோர் கற்ற திண்ணைக்கும் பலகைக்கும் பங்களித்தது என்று எண்ணுவது மிகையாகாது. ஏழை விதவையின் இரண்டு காசுகளை ஆண்டவர் பாராட்டிய வரலாற்றை அறிந்த நமக்கு, செம்பின் மதிப்பை வேறொருவர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

"அவ்வாறாயின் இதுவும் பொருளாசை அன்றோ?" என்பது நண்பரின் கடைசி வினா. அவ்வினாவில் நியாயம் உண்டு. வில்லியம் ஷெல்டன் என்னும் அறிஞர் 1949-இல் இச்சென்ட்டுகளைப் பற்றி ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். காசின் நிலையை 1 முதல் 70 வரை எண்ணாற் குறிக்கும் அவருடைய முறையையே பிற நாணயங்களுக்கும் இன்று கையாளுகின்றனர். அத்துணைப் புலமையுடையவர், நியூயார்க்கு நாணயவியற் கழகத்தின் சிறந்த சென்ட்டுகளைக் கவர்ந்துகொண்டு, அவற்றினிடத்தே தாழ்ந்தவற்றை வைத்துவிட்டார் என்பது பிற்காலத்தே வெளிப்பட்டது. அறிவு மிக்கவிடத்தும் ஆசை அடங்காவிடில் விளைவு இதுவே. செம்பே இதற்கு நல்லதோர் உவமை தருகின்றது. நம் வீட்டுச் செம்புக் குடத்தைப் புளியிட்டு விளக்குவோம். பழங்காசையோ அவ்வாறு விளக்கலாகாது. விளக்கினால் பளபளப்பு வரும். ஆண்டுகள் பல கூடி ஏற்றிய பழுப்பு நிறமும், அதனோடு மதிப்பும் போய்விடும். களிம்பு படராமல் ஈரத்தினின்று காத்து, மெல்லிய மயிர்த் தூரிகையால் தூசியை அகற்றுவதோடு நிறுத்துவதே முறை. உடைமையை நமக்கேற்ப மாற்றாமல், வாங்கியவாறே காத்து, பின்வருவோரிடம் ஒப்புவிப்பதே சேர்ப்போன் கடமை. இக்கடமையை உணர்ந்தவனிடத்துப் பொருளாசை வேர்கொள்ளாது.

1857 பிப்ரவரியில் இயற்றிய சட்டத்தால் பெரிய சென்ட்டும் அரை சென்ட்டும் நின்றன. 19 மில்லிமீட்டர் அகலமே உடைய சிறிய சென்ட் வந்தது. அதுவரை பொருட்படுத்தாதவரும், பழைய செம்பு மறையத் தொடங்கியபின் அதனைத் தேடினர். தாம் பிறந்த 1799-ஆம் ஆண்டின் சென்ட் ஒன்றைத் தேடத் தொடங்கிய ஜோசப் மிக்லி என்னும் இசைக்கருவி வினைஞர், அவ்வாண்டுக் காசு அரிதாய் இருந்தமையாலேயே பெரும் நாணய அறிஞராயினர் என்பர். இப்பொழுதோ, 2025 நவம்பரில் சிறிய சென்ட்டும் புழக்கத்திற்காக அடிக்கப்படுவது நின்றது. கையில் உள்ளபோது குனிந்தெடுக்காத காசைக் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காணும் காலம் வந்துவிட்டது.

மாணவ நண்பர்களே, 1840-களிலும் 1850-களிலும் இலட்சக்கணக்கில் அடிக்கப்பட்ட சென்ட்டுகள் இன்றும் எளியோர்க்குக் கிட்டுவன. ஒன்று உங்கள் கைக்கு வருமாயின் அதன் விலையை முதலில் வினவாதீர்கள். அதன்மேல் என்ன சொல் எழுதியிருக்கின்றது, அச்சொல்லை யார் யாருக்கு மறுத்தார்கள், எத்தனை எளியோர் அதனைக் கொண்டு உண்டார்கள் என்று வினவுங்கள். காசு ஒவ்வொன்றாக விடை கூறும்.