நடக்க நாள் பார்த்தல் – 4: இரத்தினபுரிப் பக்கத்து ஏற்றம்

கிளிமஞ்சாரோவில் ஏறப் போகிறவர் வழிகாட்டி இல்லாமல் பூங்கா வாசலைத் தாண்ட முடியாது. பெரு நாட்டின் இன்கா பாதையில் சுமைகாரர், வழிகாட்டி எல்லாரையும் சேர்த்தே நாளொன்றுக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. பெப்ரவரி மாதம் முழுக்கப் பாதையை மூடிவிடுவார்கள். ஃபூஜி மலைக்கு ஜூலையில் தொடங்கி செப்டெம்பர் முற்பகுதி வரைதான் பருவம். இந்த மலைகளுக்குத் திட்டம் போடுவதில் பெரிய சிரமம் இல்லை. விதிகள் எழுதி வைத்திருக்கின்றன. படித்துப் பணம் கட்டி நாளைக் குறித்துக்கொள்ளலாம். இலங்கையின் சிவனொளிபாதமலைக்கு இரத்தினபுரிப் பக்கமாக ஏற நினைத்தால் அப்படி எல்லாம் ஓரிடத்தில் கிடைக்காது. பாதி போயா (பௌர்ணமி) நாட்காட்டியில் இருக்கிறது. மீதியைத் தோட்டத்து மனிதர்களிடம் போய்க் கேட்க வேண்டும்.

மலையின் உயரம் 2,243 மீட்டர். பெரும்பாலானோர் ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு வந்து அங்கிருந்து படியேறுகிறார்கள். நல்லதண்ணியே மலைநாட்டு உயரத்தில் இருப்பதால் மிச்சம் ஏற வேண்டியது ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். இரத்தினபுரிப் பக்கத்தில் நடை தொடங்கும் பலாபத்தல தாழ்வான இடம். அங்கிருந்து புறப்படுகிறவருக்கு ஏற்றம் அதைப் போல இரு மடங்குக்குக் கிட்ட வரும். குருவிட்ட, எரத்ன வழியும் இதே பக்கம்தான். இரண்டும் ஹெரமிட்டிபானயில் ஒன்றாகின்றன. அதற்கு மேல் மஹகிரிதம்ப என்ற செங்குத்து. சங்கிலி பிடித்து ஏறிய பழைய இடம் அது.

கடினமான வழியை ஏன் தேட வேண்டும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 1344இல் வந்த பயணி இப்னு பதூதா இம்மலைக்கு இரண்டு வழிகளைக் குறிப்பிடுகிறார்: பாபா வழி, மாமா வழி. ஆதாமும் ஏவாளும் என்று பொருள். மாமா வழி எளிது. அதன் வழியே ஏறி வந்தவரை யாத்திரை செய்தவராகவே அக்காலத்தில் கணக்கில் எடுக்கவில்லையாம். அவர் பாபா வழியாக ஏறி மாமா வழியாக இறங்கினார். என்னை அதிகம் ஈர்ப்பது அவருடைய ஆயத்தம். புத்தளத்தில் யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்திக்கிறார். அரசர் பல்லக்குக் கொடுத்து, ஆண்டுதோறும் மலைக்குப் போய்வரும் யோகிகள் நால்வர், அந்தணர் மூவர், தம் ஆட்கள் பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் என்று கூட அனுப்புகிறார். வழி தெரிந்தவர் முதலில், சோறு சுமப்பவர் அடுத்து. மலையேற்றத் திட்டம் என்று இன்று நாம் சொல்வதில் இதைவிட அதிகமாக எதுவும் இல்லை.

இரத்தினபுரி வழிக்கு உணவு ஏற்பாடு அதற்கும் முந்தியது. பதினோராம் நூற்றாண்டில் முதலாம் விஜயபாகு மன்னன் யாத்திரிகருக்கு உணவளிப்பதற்காகவே கிலிமலே ஊரை ஒதுக்கினான் என்று சூளவம்சம் சொல்கிறது. இரத்தினபுரியிலிருந்து பலாபத்தலைக்குப் போகும் பஸ் இன்றும் அந்தக் கிலிமலே வழியாகத்தான் போகிறது.

இனி நாள். டிசம்பர் மாத உந்துவப் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயாவில் முடிவது யாத்திரைப் பருவம். பருவம் முடிந்ததும் இம்மலையின் தெய்வமான சமனின் சிலையைப் பெல்மதுளையில் உள்ள கல்பொத்தாவல விகாரைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். பிறகு பாதையில் விளக்கு எரியாது, தேநீர்க் கடையும் இராது. தென்மேற்குப் பருவமழை இறங்கும் பக்கமும் இதுதான். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சமயப் பருவம் என்று நாம் நினைப்பது மழையைப் பார்த்து மலை வகுத்துக்கொண்ட பருவமும் கூட.

ஆனால் பருவத்துக்குள்ளும் எல்லா நாளும் ஒன்றல்ல. அதைச் சொல்ல வானிலை அறிக்கையை விட நல்ல ஆட்கள் உண்டு. சப்ரகமுவத் தோட்டங்களில் தேயிலையோடு இறப்பரும் இருக்கிறது. விடியலில் பால் வெட்டப் போகிறவர், மரம் நனைந்திருந்தால் கத்தி வைக்க முடியாது. வேலை பாதியில் நின்றால் அரைப் பேரோடு, அதாவது அரை நாள் கூலியோடு, போய்விடும். அன்றைய கூலி வானத்தில் இருப்பதால் அவர்கள் வானத்தைப் படிப்பது போல வேறு யாரும் படிப்பதில்லை. நுவரெலியா மாவட்டத்தைப் போல இங்கே தமிழர் திரளாக இல்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே அங்கொரு லயம் இங்கொரு லயமாக, தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். இரண்டு மொழியிலும் சரளமாகப் பேசுவார்கள். வழி கேட்கவும் ஆள் பிடிக்கவும் அது பெரிய உதவி.

மல்வலைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில், பால் வெட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியம்மாவிடம் பெப்ரவரியா மார்ச்சா என்று கேட்டேன்.

"மாசி நல்லது தம்பி. பங்குனி வந்துட்டா பகல் ரெண்டு மணிக்கு மேல இடி இடிக்கும். வெள்ளனவே கிளம்பி, உச்சி வெயிலுக்குள்ள ஹெரமிட்டிபான போய்ச் சேந்துருங்க. அட்டைக்குச் சவுக்காரம் பூசிக்கங்க, பையில தேசிக்கா போட்டுக்கங்க."

பிடித்த அட்டையின் மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் விழுந்துவிடும் என்று இப்னு பதூதாவும் எழுதியிருக்கிறார். அட்டைக்காகவே செய்த விலையுயர்ந்த காலுறைகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. வாங்கலாம். தேசிக்காயையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இரத்தினபுரியும் கேகாலையும் மண்சரிவு மாவட்டங்கள். 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்களை மூடியது. அதே மழையில் புளத்கொஹுபிட்டிய பக்கம் தோட்டத்து லயத்தின் மேலும் மண் இறங்கி உயிர்கள் போயின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுகிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்குப் பேசியும் கேட்கலாம். மஞ்சள் வந்தாலே பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். விடுமுறை வீணாகிறதே என்று நினைக்க வேண்டாம். எச்சரிக்கை வந்தாலும் போவதற்கு வேறிடம் இல்லாத குடும்பங்கள் அந்தச் சரிவில் இருக்கின்றன. தேடுதலுக்கும் மீட்புக்கும் வர வேண்டிய ஆட்களை, விரும்பி நடக்கப் போன நாம் நம் பக்கம் இழுக்கக் கூடாது.

வழிகாட்ட வருகிறவரின் கூலியையும் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். இரண்டு நாள் நம்மோடு வந்தால் தோட்டத்தில் அவருக்கு இரண்டு நாள் பேர் போகிறது. அதற்கு மேல் கொடுப்பதுதான் நியாயம். லயத்து வாசல்களைக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். இவர்களுடைய முன்னோர் இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, வாந்திபேதியிலும் பட்டினியிலும் வழியெல்லாம் இறந்தவர்கள் ஏராளம். இந்தத் தீவின் மிக நீண்ட நடையை நடந்தவர்களின் பேரப் பிள்ளைகள் முன்னால், நாம் இரண்டு நாள் ஏறியதைச் சாகசமென்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வராது.

என் திட்டம் இப்படி அமைந்திருக்கிறது. பெப்ரவரியில், போயாவோ வார இறுதியோ ஒட்டாத நாள். முதல் நாள் மாலையே இரத்தினபுரி. மறுநாள் இருட்டோடு பலாபத்தலையில் நடை தொடக்கம். நீலிஹெலவில் கொஞ்சம் நிற்க வேண்டும். பள்ளத்தில் விழுந்து இறந்த நீலி என்ற பெண்ணைக் கூப்பிட்டால் எதிர்க்குரல் வரும் என்பார்கள். மதியத்துக்குள் ஹெரமிட்டிபான, அங்கே உறக்கம். பின்னிரவில் மஹகிரிதம்ப ஏறி உதயத்துக்கு உச்சி. மேலே குளிர் கடுமை, கம்பளிச் சட்டை ஒன்று வேண்டும். வெயில் வந்ததும் மேற்கே விழும் முக்கோண நிழலைப் பார்த்துவிட்டு நல்லதண்ணிப் பக்கம் இறங்கி ஹட்டனில் ரயில். ஏறிய குப்பையெல்லாம் பையோடு இறங்க வேண்டும்.

கேகாலை மாவட்டத்துத் தெரணியகலையிலிருந்து மாலிம்பொட வழியாகவும் ஒரு பாதை உண்டு. அதில் போகிறவர் குறைவு. அடுத்த பகுதி அதைப் பற்றி. எழுதுவதற்கு முன், அங்கே பால் வெட்டுகிறவர்களிடம் நாள் கேட்கப் போகிறேன்.